அண்ணியின் மொட்டையும் நான்காவது ஆளும்

அண்ணி புத்த மதத்துக்குப் போய்விட்டார் என்ற செய்தி ஆக்லாந்தில், தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது எனக்குக் கிடைத்தது. சொன்ன பெண்மணி நேரில் பார்த்தவர் இல்லை. அவருடைய நாத்தனார் பூண்டி மாதா கோயிலுக்குப் போன இடத்தில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுப் போனில் சொல்லியிருக்கிறார்.

"உங்க அண்ணிதானேங்க அடைக்கலமேரி? மொட்டை அடிச்சுக்கிட்டாங்களாம். காவி கட்டிக்கிட்டு வாய்க்கால் கரையில புத்தர் சிலைக்கு முன்னாடி கண்ண மூடி உக்காந்திருக்காங்களாம். எந்த நேரமும் வீட்ட விட்டுக் கெளம்பிடுவாங்கன்னு பேச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, காதுல விழுந்ததச் சொல்றேன்."

கெட்டதை முதலில் நினைத்துவிட்டு நல்லதைப் பிறகு விசாரிக்கிற புத்தி எனக்கு. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் அண்ணி இமயமலை வரை போய்விட்டார், அண்ணன் தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். உடனே அண்ணனை அழைத்தேன். அண்ணன் சந்தியாகு பேச்சில் சிக்கனம் பார்ப்பவர்.

"மொட்டை அடிச்சது நெசம். நீதான் ஞானஸ்நானத்துக்கு வர்றியே, வந்து பாரு" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் மகள் வானதிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதன் ஞானஸ்நானத்துக்காக முன்பே டிக்கெட் எடுத்திருந்தேன். அதைச் சில நாள் முன்னதாக மாற்றிக்கொண்டு திருச்சியில் இறங்கினேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்கும் பூண்டிக்கும் நடுவில், ஓட்டுநருக்கு நினைவிருந்தால் பேருந்து நிற்கும், மறந்தால் போய்விடும் ஓர் ஊர். வீட்டுக்குப் பின்னால் பெரிய களம். அதில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் தட்டுகள், தட்டு நிறையப் பச்சைப் பசேலென்று நெல் நாற்று. நடுவில் காவிச் சேலை, அதன்மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை, பளபளக்கும் தலை. கையில் தண்ணீர்க் குழாய்.

"வா தம்பி. என்ன முழிக்கிற? ஆசீர்வாதம் வேணுமா?"

"அண்ணி, தலை…"

"வேளாங்கண்ணியில குடுத்தேன். வானதிக்கு நல்லபடியாப் பொறக்கணும்னு வேண்டிக்கிட்டது. கொடியேத்தத்துக்கு நடந்து போயிக் குடுத்துட்டு வந்தேன். நீ சின்னப் புள்ளையில மூணு தடவ குடுத்திருக்க, அப்ப நீ என்ன பிக்குவா?"

"காவி?"

"நடைப்பயணம் போறவங்க எல்லாம் கட்டுறதுதானே. புதுச் சேலை, நல்லா ஒழைக்குது. தூக்கியா போடச் சொல்ற?"

எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தச் சிறு குழந்தைக்கும் தெரிகிற விஷயம், கடல் தாண்டினால் துறவறமாகிவிடுகிறது. சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப புத்தர் சிலையும் கட்டுக்கதைதான்?"

அண்ணி குழாயைத் திருகி மூடினார். "அது மட்டும் நெசம்" என்றார்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொள்ளிடத்துக்கு அந்தக் கரை, ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். அந்த ஊர் அடைக்கல மாதாவின் பெயர்தான் அவருக்கு. எங்கள் வட்டாரத்துக்கு நடவு இயந்திரம் வந்தபோது, கை நடவு போச்சே என்று ஊரே புலம்பியது. அண்ணி மட்டும், "மெஷினு நடும் சரி. மெஷினுக்கு நாத்து யாரு தருவா?" என்று கேட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனார். தட்டில் மண் பரப்பி விதைத்தால், வேர் பின்னி நாற்று பாய் போலச் சுருட்டி எடுக்க வரும். இன்று சுற்றியிருக்கும் ஊர்களின் சம்பா பாதி இந்தக் களத்தில்தான் முளைக்கிறது. ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அண்ணியின் குரல் இருப்பதால் களத்துக்கு மணி தேவைப்படவில்லை.

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு கோபமும் இருந்தது. சட்டென்று பிடித்துச் சட்டென்று அணையும் கோபம்தான், ஒருத்தி விஷயத்தில் தவிர. அந்த ஒருத்தி சொந்தத் தங்கை செங்கோல்மேரி. வலங்கைமானில் இருக்கிறார். வானதி கும்பகோணத்தில் கல்லூரி படித்த காலமெல்லாம் சித்தி வீட்டில்தான் தங்கிப் படித்தாள். தலைவாரிப் பின்னிவிட்டது, பரீட்சைக் காலத்தில் கூடவே விழித்திருந்தது, மாப்பிள்ளை நல்லவனா என்று போய் விசாரித்து வந்தது எல்லாம் சித்திதான்.

அப்படிப்பட்டவர் வானதியின் கல்யாணத்தன்று பந்தியில் உட்காராமல், கணவர் இன்னாசிமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அதோடு பேச்சு நின்றது. காரணம் ஒரு ஃபிளெக்ஸ்.

எங்கள் ஊர்க் கல்யாண ஃபிளெக்ஸ்களில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் மணமக்கள். கீழே வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்ட மச்சான்கள். பக்கவாட்டில் மாமன், சித்தப்பன். உச்சியில், மேகத்துக்கு நடுவில், மாலை போட்ட மறைந்த முன்னோர்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே 'விண்ணிலிருந்து வாழ்த்துவோர்' என்று ஒரு வரி. இன்னாசிமுத்து தன் படம் நன்றாக இருக்க வேண்டுமென்று வெள்ளைச் சட்டை போட்டு, சிரிக்காமல், ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த முகபாவத்தைப் பார்த்த ஃபிளெக்ஸ் கடைப் பையன் வேறென்ன நினைப்பான்? மேகத்தில் ஏற்றிவிட்டான்.

கல்யாண மண்டப வாசலில், இருபதடி உயரத்தில், மாலையும் ஒளிவட்டமுமாக இன்னாசிமுத்து வாழ்த்திக்கொண்டிருந்தார். கீழே அதே வெள்ளைச் சட்டையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டும் இருந்தார்.

"கடைக்காரன் பண்ண தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்? ஒடனே ஆள ஏத்தி மூஞ்சிக்கு மேல பேப்பர் ஒட்டச் சொன்னேன். அதுக்குள்ள கெளம்பிட்டா. எம் பொண்ணு கல்யாணத்துல கை நனைக்காமப் போனவ!" இதுதான் அண்ணி எப்போதும் சொல்லும் கதை. கேட்பவர்கள் எல்லாரும் அண்ணி பக்கம்தான்.

வானதி மட்டும் வேறு பக்கம். குழந்தை பிறந்ததும் சொல்லிவிட்டாள்: "இவளுக்கு ஞானத்தாயா, கையில ஏந்திக்கிட்டு, சித்திதான் நிக்கணும். சித்தி வரலைன்னா ஞானஸ்நானத்தத் தள்ளி வச்சிடுங்க. நான் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயிலில் பதிவாகிவிட்டது. குழந்தையின் வெள்ளைச் சட்டை தைத்து வந்துவிட்டது. பந்திக்குச் சொல்லியாயிற்று. நான் போய் இறங்கியது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை வரை அண்ணி தங்கையை அழைக்கவில்லை.

*

மகள் அப்படிச் சொன்ன அன்று அண்ணி வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டே தங்கையை வாய்விட்டுத் திட்டியிருக்கிறார். கரையில் ஒரு புங்க மரம். அதன் அடியில், தகரக் கூரை போட்ட சிறு கொட்டகையில், மூக்கு உடைந்த கல் புத்தர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சிறு வயதில் வயலில் பாதி புதைந்து கிடந்தவர். அவரை எடுத்து நிறுத்தியவர் துரைராசு.

துரைராசு அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே குடும்பத்தோடு பௌத்தம் தழுவினார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "வாசப்படிக்கு வெளியில நின்னு கும்பிட்டது போதும்னு தோணுச்சு தம்பி" என்றார். பிறகு முகம் முழுக்கச் சிரித்து, "அது மட்டும் இல்ல. டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தா ஒண்ணு புத்தர் வேணும், இல்ல பைத்தியம் புடிக்கணும்" என்றார்.

அன்று திட்டிக்கொண்டே போன அண்ணியைப் பார்த்து அவர் சொன்னாராம்: "மேரியம்மா, கொஞ்சம் மெதுவா. இவருக்குக் காது எவ்வளவு பெருசுன்னு பாத்தீங்களா?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். தோள் வரைக்கும் தொங்கும் கல் காது. சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். அப்படித்தான் ஆரம்பம்.

துரைராசு சொல்லிக்கொடுத்த முறை எளியது. கண்ணை மூடி நான்கு பேரை ஒவ்வொருவராக நினைத்து, 'நல்லா இருக்கட்டும், பயமில்லாம இருக்கட்டும்' என்று மனசார வாழ்த்த வேண்டும். முதலில் தனக்கு. அடுத்து, தனக்கு நல்லது செய்த ஒருவருக்கு. மூன்றாவது, பிடித்ததும் பிடிக்காததும் இல்லாத யாரோ ஒருவருக்கு. நான்காவது, ஆகாதவருக்கு.

"மொதல்ல எனக்கேவா?" என்று அண்ணி அன்றே சண்டை பிடித்திருக்கிறார். "எங்க வேதத்துல அப்படி இல்லண்ணே. எடுத்த எடுப்பிலேயே எதிரிய நேசின்னுதான் இருக்கு."

"நல்ல விஷயம். நேராப் போனீங்களா?"

"போகணும்னுதான்…"

"எத்தன வருஷமா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் மூன்று ஆட்களும் சுலபமாகக் கடந்தார்கள். நான்காவதில்தான் அண்ணியின் கைவரிசை. தங்கையைத் தவிர மற்ற ஆகாதவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினார். அறுவடை இயந்திரத் தரகர், ஆதார் திருத்தப் போனபோது நாலு முறை அலையவிட்ட பெண், தேர்ப் பவனியில் முன்னால் நிற்க இடம் தராத கோயில் கமிட்டிக்காரர், எல்லாரையும் மனதார மன்னித்து முடித்தார். கமிட்டிக்காரருக்கு ஒரு தட்டு நெல் நாற்று இலவசமாகவும் கொடுத்தனுப்பினார். கடைசியில் மன்னிக்க ஆள் இல்லாமல் வரப்பு எலியில் வந்து நின்றார்.

"எலி நல்லா இருக்கட்டும்னு நெனச்சுப் பாத்தேண்ணே. முடியல."

"எலிக்கே முடியலைன்னா தங்கச்சிக்கு எப்படி மேரியம்மா?"

"எலி எம் பொண்ணு கல்யாணத்துல சாப்பிடாமப் போகல. அது நல்லாத் தின்னுட்டுத்தான் போகுது."

துரைராசு சிரித்த சிரிப்பில் புங்க மரத்துக் கொக்கு பறந்து போயிற்றாம்.

இதற்கிடையில் பேச்சு பரவிப் பங்குச் சாமியார் காதுக்கும் போனது. அண்ணி எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் தலைவி. வாரா வாரம் வீட்டு ஜெபத்தை நடத்துபவர். அவரே போய்ச் சாமியார் முன் நின்றார். இளவயதுச் சாமியார்.

"அங்க கண்ண மூடி உக்காந்து யாரம்மா நெனைக்கிறீங்க?"

"தங்கச்சிய நெனைக்கணும்னு போறேன் ஃபாதர்."

"இங்க பூசையில உக்காந்து?"

"வெளியில போனா எத்தன தட்டு ஏத்தணும்னு நெனைக்கிறேன்."

சாமியார் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். "ஒவ்வொரு மாசமும் பாவசங்கீர்த்தனத்துல என்ன பாவம்னு சொல்றீங்க?"

"தங்கச்சி மேல கோவம்னு."

"ஜெபத்துல?"

"ஆண்டவரே அவளுக்கு நல்ல புத்தி குடுங்கன்னு."

"அது ஜெபமில்லம்மா, ஆண்டவர் வழியாத் திட்டுறது. போயி உக்காருங்க. தப்பில்ல. ஆனா உக்காந்தே இருந்துடாதீங்க."

*

வெள்ளிக்கிழமைக் காலை நானும் அண்ணியோடு வாய்க்கால் கரைக்குப் போனேன். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. துரைராசு சிலைக்குச் செம்பருத்தி வைத்துவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்து மூன்று பேருக்கும் தேநீர் ஊற்றினார்.

"தம்பிக்கு இதெல்லாம் பழக்கம் உண்டா?"

என் போனில் மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தரும் செயலி ஒன்று இருப்பதைச் சொன்னேன். மாதச் சந்தா என்றும் சொன்னேன்.

"மூச்சு விடறதுக்கா?" என்றார் அண்ணி. துரைராசு நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டார். புத்தரை வணங்கவில்லை, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் கண்ணை மூடினார். துரைராசு அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. நானோ, அண்ணி எழுந்து என்ன சொல்லப் போகிறாரோ, ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகுமோ என்று விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

களத்தில் டிராக்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் திறந்தபோது முகத்தில் ஏதோ மாறியிருந்தது.

"அண்ணே, அவ வந்துட்டா" என்றார்.

நான் திரும்பிச் சாலையைப் பார்த்தேன்.

"அங்க இல்ல தம்பி. நெனப்புல. நல்லா இருக்கட்டும்னு சொல்லலாம்னு பாத்தா, அந்த மண்டப வாசல்ல நிக்கிறா. மேல ஃபிளெக்ஸு. பக்கத்துல அவ வீட்டுக்காரரு. யாரோ ஒருத்தி கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறா. சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாரும் திரும்பிப் பாத்து அவங்களும் சிரிக்கிறாங்க. யாருடி அது சிரிக்கிறதுன்னு பாத்தா…" அண்ணி நிறுத்தினார். "நாந்தான்."

துரைராசு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"'செத்தவரு பந்திக்கு வந்துட்டாரு, எல போடுங்க'ன்னு கத்துனேன். மைக்கே வேணாம் எனக்கு. அதக் கேட்டுத்தான் அவ போனா. ஃபிளெக்ஸப் பாத்துப் போகல. இத்தன நாளா நான் ஃபிளெக்ஸு கதையத்தானே எல்லாருக்கும் சொன்னேன்? சிரிச்ச கதையச் சொல்லவே இல்ல. பொய் சொல்லணும்னு இல்ல, எனக்கு நெஜமாவே அது ஞாபகத்துல நிக்கல."

"எனக்கும் இப்பத்தாங்க தெரியுது" என்றார் துரைராசு மெதுவாக.

"காணிக்கை கொண்டு வர்ற எடத்துல ஞாபகம் வந்தா அப்படியே வச்சுட்டுப் போயி ஒத்துமையாயிட்டு வான்னு நற்செய்தியில இருக்கே தம்பி, அன்பியத்துல நானே எத்தன தடவ வாசிச்சிருக்கேன். உனக்கு யாரு மேலயாவது கோவம் இருந்தான்னா இருக்கு? ஒம்மேல யாருக்காவது மனத்தாங்கல் இருந்தான்னுல்ல இருக்கு! எங்கோவத்தத்தான் நான் எப்பவும் பாத்தேன். அவளுக்கு எம்மேல என்ன இருக்குன்னு கேட்டதே இல்ல."

பிறகு துரைராசு, "இப்பக் கோவம் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணி தனக்குள் தேடிப் பார்த்தார். "காணும்ணே. நெஞ்சு லேசா இருக்கு."

"அவ்வளவுதான் மேரியம்மா. கையில புடிச்சிருந்ததக் கீழ போட்டுட்டீங்க. எங்க வழியில இது பெரிய விஷயம்."

"எனக்கு நிம்மதியா இருக்குண்ணே. அவளுக்கு?"

துரைராசு யோசித்தார். "நம்ம மனசு தெளிஞ்சா, அந்தத் தெளிவு அவங்களையும் போயித் தொடும்னு நான் நம்புறேன்."

"தொடட்டும். ஆனா நடந்து போயித் தொட்டா சீக்கிரம் தொடும்ல? நாத்துத் தட்டுல நல்லா வந்திருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தா, நாள் தாண்டி முத்திப் போயிடும். வயல்ல எறக்கணும்."

"எங்கள்லயும் மன்னிப்புக் கேக்குற வழக்கம் உண்டுங்க. நாங்க ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டே காலத்த ஓட்டுறதில்ல" என்று துரைராசு கொஞ்சம் ரோஷமாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். இத்தன நாளா உங்க ஆண்டவர் இத ஏன் காட்டல? இங்க வந்து உக்காந்தப்பறம்தானே தெரிஞ்சுது?"

"அவரு காட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு. நாந்தான் அவருகிட்டயும் விடாமப் பேசிக்கிட்டே இருந்தேனே. நீங்க வாய மூட வச்சீங்க. அதுக்கு ஒங்களுக்கு நன்றிண்ணே. வாய மூடுனப்பறம் காட்டுனது அவருதான். அத நான் விட்டுத்தர மாட்டேன்."

"நான் ஒண்ணும் பங்கு கேக்கல" என்று துரைராசு சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. "அண்ணி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளன்னைக்கு ஞானஸ்நானம். உங்க தங்கச்சி கோவத்துல ஏதாவது சொல்லிட்டாங்கன்னா? வானதி பேசினா நல்லதில்லையா? இல்ல, மொதல்ல ஒரு மெசேஜ் போட்டுப் பாக்கலாமா?"

"திட்டுனா வாங்கிக்கிறேன். அவளுக்கு அந்தப் பாத்தியதை இருக்கு. வராமப் போனாலும் கேக்க வேண்டியதக் கேட்டுடணும். ஞானத்தாயா வான்னு மொதல்ல கேக்கக் கூடாது தம்பி. அதக் கேட்டா நான் காரியத்துக்காகப் பேசுறேன்னு ஆயிடும். சிரிச்சதுக்குத்தான் மொதல்ல." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இன்னாசிமுத்துகிட்டயும் கேக்கணும். அந்த மனுசன் என்ன பாவம் பண்ணுனாரு? நல்லாப் படம் எடுத்துக் குடுத்ததத் தவிர."

சொல்லும்போதே உதடு சிரிப்புக்குத் துடித்தது. "ஆண்டவரே, போனுல சிரிச்சுத் தொலைக்காம இருக்கணும்" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். துரைராசு தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அண்ணி எண்ணைத் தேடி எடுத்தார். நீக்காமல் வைத்திருந்தார். அழுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டுத் தொடை மேல் வைத்தார். மறுமுனையில் காலர் டியூனாக ஒரு மாதா பாட்டு தொடங்கியது. களத்திலிருந்து ஒரு பெண், "அக்கா, வண்டி வந்து நிக்குது, எந்தத் தட்ட ஏத்த?" என்று கூவினாள். ஊருக்கே கேட்கிற குரலில் எப்போதும் பதில் சொல்லும் அண்ணி, இப்போது கையை மட்டும் உயர்த்திப் பொறு என்று காட்டினார்.

பாட்டு முழுதும் பாடி அறுந்தது.

"அடுப்படியில இருப்பாங்க" என்றார் துரைராசு.

"நம்பரப் பாத்துட்டு எடுக்காம இருப்பா. நானா இருந்தா அப்படித்தான் பண்ணுவேன்" என்றார் அண்ணி. குரலில் வருத்தமில்லை. மறுபடி அழுத்தினார். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அண்ணி போனைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.